ஈரத்தோடு சுருட்டி வைத்த டென்ட்: பிசுபிசுப்பும் வாடையும் போகுமா?

எழுதியவர்: புதுப்பாதை

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் நான்கு நாள் மலைப் பயணம் போய் வந்தோம். கடைசி நாள் விடியற்காலையில் நல்ல மழை. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் டென்ட்டை நனைந்தபடியே சுருட்டிப் பையில் திணித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பிரித்துக் காயப்போடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வேலை, அதற்கடுத்த நாள் வேறு வேலை. பரணில் ஏறிய பை அங்கேயே இருந்துவிட்டது.

நேற்று இறக்கிப் பிரித்தால் ஒரே வாடை. உள் டென்ட்டின் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள். தரைத் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது சரசரவென்று சத்தம் வருகிறது. டென்ட் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இதில்தான் என் முதல் பயணம் போனேன், அதனால் தூக்கிப் போட மனம் வரவில்லை.

வாஷிங் மெஷினில் போட்டு எடுக்கலாமா? வினிகர் ஊற்றினால் வாடை போகும் என்கிறார்களே, சரியா? ஸ்லீப்பிங் பேக், ஸ்டவ், சட்டி எல்லாமும் பையிலிருந்து வெளியே வரவே இல்லை. அவற்றையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.


எழுதியவர்: நாலாம்முளை

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் ஸ்லீப்பிங் பேக்கை, அதைச் சுருக்கித் திணித்து வைக்கும் அந்த அமுக்குப் பையிலிருந்து வெளியே எடுத்து உதறிப் போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம், இது இன்றைக்கே ஆகவேண்டும்.

டென்ட்டைப் பற்றி இரண்டு கேள்வி. பிசுபிசுப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, துணிப் பக்கமா, பளபளப்பான பூச்சுப் பக்கமா? வாடை எப்படிப்பட்டது, மழைக்காலத்தில் அலமாரிக்குள் அடிக்கும் முக்கல் வாடையா, இல்லை புளித்த வாந்தி மாதிரியா? கேட்க அருவருப்பாக இருக்கலாம், ஆனால் இந்தப் பதிலை வைத்துத்தான் டென்ட் பிழைக்குமா என்று சொல்ல முடியும்.

மெஷினில் போடாதீர்கள்.


எழுதியவர்: தையல்பெட்டி

நாலாம்முளை கேட்டது சரியான கேள்வி. பல வருடமாக டென்ட், பேக்பேக் பழுது பார்ப்பவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஈரத்தோடு மூடி வைத்த டென்ட்டுக்கு இரண்டு விதமான கேடு வரும். முதலாவது பூஞ்சை. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளிலேயே முளைக்க ஆரம்பித்துவிடும். நைலான், பாலியெஸ்டர் நூலை அது தின்னாது. துணியில் ஒட்டியிருக்கும் மண், வியர்வை, இலைச்சாறு, உணவுத் துணுக்கு, இவைதான் அதற்குத் தீனி. அதனால்தான் அழுக்கு டென்ட்டில் வேகமாகப் பரவும். கறுப்புப் புள்ளிகள் இதன் வேலை.

இரண்டாவது, பூச்சு கெட்டுப்போவது. தண்ணீர் புகாமல் இருக்கத் துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். தண்ணீரும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் இணைப்புகள் உடையத் தொடங்கும். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் புளித்த வாடை அடிக்கும், கடைசியில் பொடுகு மாதிரி உதிரும். தொடங்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. கழுவினால் சரியாகும் என்று நினைத்துத் தேய்க்கத் தேய்க்க இன்னும் அதிகமாக உரியும்.

ஆகவே முதல் வேலை, டென்ட்டை நிழலில் முழுமையாக நிறுத்துங்கள். நிறுத்த இடமில்லை என்றால் கொடியில் தொங்கவிடுங்கள். நன்றாக உலரும்வரை எதையும் தேய்க்க வேண்டாம். உலர்ந்ததும் உட்புறத்தை விரலால் அழுத்திப் பார்த்து, எங்கெங்கே விரல் ஒட்டுகிறது என்று எழுதுங்கள்.


எழுதியவர்: புதுப்பாதை

ஸ்லீப்பிங் பேக்கை எடுத்துக் கட்டிலில் விரித்துவிட்டேன். கால் பக்கம் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது.

டென்ட்டை நிறுத்த இடமில்லை. இரண்டு கதவுகளுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தரைத் துணியின் உட்புறம், அதாவது நாங்கள் படுக்கும் பக்கம், விரல் ஒட்டுகிறது. நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. மேல் விரிப்பில் ஒட்டவில்லை, ஆனால் தையல் மேல் ஒட்டியிருக்கும் டேப் இரண்டு இடத்தில் எழும்பி நிற்கிறது. தரையில் புளித்த வாடை, உள் டென்ட்டில் முக்கல் வாடை. இரண்டுமே இருக்கிறது போல.


எழுதியவர்: தையல்பெட்டி

ஆமாம், இரண்டும்தான். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மேல் விரிப்பு நன்றாக இருக்கிறது என்பதே பெரிய விஷயம், மழையைத் தாங்குவது அதுதான்.

பூஞ்சைக்கு: உலர்ந்ததும் மென்மையான பிரஷால் புள்ளிகளைத் துடைத்து உதிருங்கள். வெளியில் வைத்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து, வாசனை சேர்க்காத மென்மையான சோப்புத் தண்ணீரால் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். வாடை பிடிவாதமாக இருந்தால் டென்ட்டுக்கென்றே விற்கும் நொதிக் கழுவிகள் (என்சைம் சேர்த்தவை) உண்டு, அவை நன்றாக வேலை செய்யும். வினிகரை நிறையத் தண்ணீர் கலந்து, பூச்சு இல்லாத உள் டென்ட் துணியில் மட்டும் பயன்படுத்தலாம். பிறகு அதன் சுவடே இல்லாமல் அலச வேண்டும். பிளீச்சிங் எதுவும் வேண்டாம், நூலும் பூச்சும் பலவீனமாகிவிடும். பூஞ்சை செத்தாலும் கறை நிற்கும். கறையைப் போக்கத் தேய்த்துத் துணியைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வடுதான், விட்டுவிடுங்கள்.

தரைக்கு: பூச்சு தளர்ந்த இடங்களை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துப் பிசுபிசுப்பை எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்ததும், பிரஷால் பூசும் பாலியூரித்தேன் பூச்சை மெல்லிசாக ஒரு கை அடிக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பூசி முழுசாக ஒரு நாள் காயவிடுங்கள். புதுத் தரை மாதிரி ஆகாது. ஆனால் கீழே ஒரு தனி விரிப்புப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

எழும்பிய டேப்பைப் பிய்த்து, அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, தையல் ஓட்டைகளை அடைக்கும் சீம் சீலர் தடவுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. சில டென்ட்களில் இரு புறமும் சிலிக்கான் பூச்சு இருக்கும், அதில் பாலியூரித்தேன் சீலர் ஒட்டவே ஒட்டாது, சிலிக்கான் சீலர்தான் வேண்டும். கண்டுபிடிப்பது எளிது. சிலிக்கான் மேல் டேப் நிற்காது. உங்களுடையதில் தொழிற்சாலையிலேயே தையல் டேப் ஒட்டியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பக்கம் பாலியூரித்தேன்தான்.


எழுதியவர்: மழைநடை

எல்லாரும் மெஷின் கூடாது என்கிறீர்கள். நான் முன்பக்கம் திறக்கும் மெஷினில், குளிர்ந்த தண்ணீரில், மென்மையான ஓட்டத்தில் இரண்டு மூன்று முறை போட்டிருக்கிறேன். டென்ட் இன்னும் ஒழுகவில்லை. கையால் கழுவ நேரமும் இடமும் எல்லாருக்கும் இருக்காது. இதைப் பெரிய பாவம் மாதிரிச் சொல்லவேண்டாம் என்பது என் கருத்து.


எழுதியவர்: தையல்பெட்டி

பாவம் என்று சொல்லவில்லை சகோ. என் மேஜைக்கு வரும் கிழிசல்களை வைத்துத்தான் சொல்கிறேன். வலைத்துணி ஜிப் பல்லில் மாட்டி நீளமாகக் கிழிந்தது, சுழற்றிப் பிழியும்போது தையல் டேப் மொத்தமாக உரிந்தது, கயிறு சுற்றி வளையம் பிய்ந்தது, இவை வழக்கமாக வருபவை. ஒவ்வொரு முறையும் இப்படி நடக்காது. உங்கள் டென்ட்டின் பூச்சு புதிதாகவும் உறுதியாகவும் இருந்திருக்கும். புதுப்பாதையின் டென்ட்டில் பூச்சு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. அதைச் சுழலும் டப்பாவில் போட்டால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.


எழுதியவர்: குடுவை

மெஷினை விடச் சலவைத்தூளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நம் வழக்கமான தூள், திரவம் இவற்றின் வேலையே தண்ணீரைத் துணிக்குள் இழுப்பது. எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் தங்கிவிடும். டென்ட்டின் வெளிப்புறத்திலும் மழைக்கோட்டிலும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதற்கு ஒரு மெல்லிய தடுப்புப் பூச்சு இருக்கிறது, அதை இந்த மிச்சம் செயலிழக்க வைக்கும். துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். உள்ளே ஒழுகாது, ஆனால் உட்புறம் வியர்த்துக் கொட்டும். பலர் இதைத்தான் டென்ட் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். துணி மென்மையாக்கும் திரவம் இன்னும் மோசம்.

தையல்பெட்டி சொன்ன பூச்சுக் கேட்டுக்கும் ஒரு காரணம் சேர்க்கிறேன். பாலியூரித்தேனில் எஸ்டர் வகை, ஈத்தர் வகை என்று இரண்டு உண்டு. எஸ்டர் வகையை நீர் எளிதில் உடைக்கும், இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். உடையும்போது அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் அடுத்த இணைப்பு உடைவதை வேகப்படுத்துகிறது. அதனால்தான் பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே பருவத்தில் மொத்தமாகப் பிசுபிசுத்துப் போகிறது. ஈத்தர் வகை இதை நன்றாகத் தாங்கும். அடுத்த டென்ட் வாங்கும்போது விவரக் குறிப்பில் இதைப் பாருங்கள்.

வெயிலில் காயவைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். புற ஊதாக் கதிர் நைலானையும் பாலியெஸ்டரையும் இரண்டையும் நலியச் செய்யும், நைலானைச் சீக்கிரமாக. அரை மணி வெயிலில் ஒன்றும் ஆகாது. நாள் முழுக்கக் காயப்போட்டு மறந்துவிடாதீர்கள்.


எழுதியவர்: மழைநடை

மிச்சத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. போன பயணத்தில் மேல் விரிப்பு நனைந்து தொங்கியதும் காலையில் உட்புறமெல்லாம் வியர்த்திருந்ததும் இப்போது ஞாபகம் வருகிறது. டென்ட்டுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். இனி கையால்தான். போன தடுப்புப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?


எழுதியவர்: குடுவை

முடியும். முதலில் வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, சோப்பு மிச்சத்தை எடுங்கள். டென்ட் என்றால் ஈரமாக இருக்கும்போதே தெளிப்பானால் நீர்விலக்கித் திரவத்தை அடித்து, வழிவதை ஒற்றி எடுத்துவிட்டு உலரவிடுங்கள். மழைக்கோட்டாக இருந்தால் குறைந்த சூட்டில் டிரையரில் சுழற்றினாலே பழைய பூச்சு பாதி உயிர் பெறும். கோட்டின் உள்ளே தைத்திருக்கும் சிட்டையைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். டென்ட்டை மட்டும் டிரையரில் போடக் கூடாது.

மழைக்கோட்டைக் கழுவினால் கெட்டுவிடும் என்று பலர் கழுவாமலே வைத்திருக்கிறார்கள். வியர்வையும் தோலின் எண்ணெயும்தான் அதன் நுண்துளைகளை அடைக்கின்றன, அதற்குரிய கழுவியால் கழுவுவதே அதற்கு நல்லது. இப்போது வரும் பல கோட்டுகளில் ஃபுளோரின் சேர்க்காத நீர்விலக்கி இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு அது நல்லது, ஆனால் எண்ணெய் பட்டால் சீக்கிரம் சோர்ந்துபோகும். அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கும்.


எழுதியவர்: இறகுப்பொதி

ஸ்லீப்பிங் பேக்குக்கு வருகிறேன். புதுப்பாதை, உங்களுடையது இறகா, செயற்கைப் பஞ்சா?


எழுதியவர்: புதுப்பாதை

இறகு. நான்கு வருடமாகக் கழுவியதே இல்லை. கழுத்துப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருக்கிறது.


எழுதியவர்: இறகுப்பொதி

நான்கு வருடம் கழுவாதது தப்பே இல்லை, இறகுப் பையை எவ்வளவு குறைவாகக் கழுவுகிறோமோ அவ்வளவு நல்லது. உள்ளே ஒரு மெல்லிய உறை போட்டுத் தூங்கினால் அந்த உறையை மட்டும் துவைத்தால் போதும். கழுத்துப் பிசுக்கை அந்த இடத்தில் மட்டும் கழுவலாம். வெளித்துணியை இறகிலிருந்து விலக்கிப் பிடித்து, இறகுக்கென்று உள்ள சோப்பைத் துளி எடுத்து, டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள்.

பை மொத்தமும் சப்பையாகி, உதறினாலும் உப்பாமல் கிடந்தால் முழுக் குளியல் தேவை என்று அர்த்தம். பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு இறகுச் சோப்பைக் கரைத்து, பையை அமுக்கி ஊறவிடுங்கள். காலால் மெல்ல மிதிக்கலாம், முறுக்கிப் பிழியக் கூடாது. நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள், இதற்கே நான்கைந்து தண்ணீர் ஆகும்.

இப்போது கவனம். நனைந்த இறகுப் பை மிகவும் கனக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்புத் துணிகள் கிழிந்து, இறகெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். என் முதல் பையை நான் அப்படித்தான் இழந்தேன். தொட்டிக்குள்ளேயே அமுக்கித் தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போல அடியோடு அள்ளித் தூக்குங்கள்.

உலர்த்துவதுதான் பெரிய வேலை. பெரிய டிரையர் கிடைத்தால் மிகக் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று சுத்தமான டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துப் போடுங்கள், அவை இறகுக் கட்டிகளை உடைக்கும். மூன்று முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். டிரையர் இல்லையென்றால் வலைமேல் பரப்பி, சில மணிக்கொரு முறை புரட்டி, கட்டிகளை விரலால் பிரித்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பல நாள் ஆகலாம். வெளித்துணி காய்ந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருட்டாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அங்கே இன்னும் ஈரம் இருக்கிறது. டிரை கிளீனிங் கொடுக்காதீர்கள், இறகின் இயற்கை எண்ணெயை அது உறிஞ்சிவிடும்.

வைக்கும்போது அமுக்குப் பை கூடவே கூடாது. பெரிய பருத்திப் பையில் தளர்வாக, இல்லை அலமாரியில் தொங்கவிட்டு. செயற்கைப் பஞ்சுக்கும் இதேதான். சொல்லப்போனால் செயற்கைப் பஞ்சு அமுங்கினால் திரும்ப எழும்புவது இன்னும் கடினம்.


எழுதியவர்: கரிச்சட்டி

சட்டி, ஸ்டவ் என் பக்கம். விறகில் சமைத்தீர்களா, கேஸிலா?


எழுதியவர்: புதுப்பாதை

இரண்டிலும். கடைசி இரண்டு நாள் கேஸ் தீர்ந்து விறகு. சட்டி அலுமினியம், அடி முழுக்கக் கரி.


எழுதியவர்: கரிச்சட்டி

அடுத்த முறை அடுப்பில் ஏற்றும் முன் சட்டியின் வெளிப்பக்கம் முழுக்கச் சோப்பை லேசாகத் தடவிவிடுங்கள். கரி சோப்பின் மேல் படியும், கழுவும்போது அதோடு சேர்ந்து வந்துவிடும். பழைய வழி, இன்றும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இப்போது படிந்திருக்கும் கரிக்கு, வெந்நீரில் ஊறவைத்து நாரால் தேய்த்தால் பெரும்பகுதி போகும். சோடா உப்பு, காரம் மிகுந்த தூள் எதையும் அலுமினியத்தில் ஊறவைக்காதீர்கள், கறுத்துவிடும். கறுத்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டால் தெளியும். அடியில் கொஞ்சம் கரி மிச்சம் இருந்தால் இருக்கட்டும், சட்டியை ஒரு துணிப்பையில் போட்டு வைத்தால் மற்றவற்றில் ஒட்டாது.

ஸ்டவ்வைக் கேஸ் கேனிஸ்டரிலிருந்து கழற்றித்தான் வைக்க வேண்டும். திருகும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதில் வெடிப்போ தட்டையாகிப் போன தடமோ இருந்தால் மாற்றிவிடுங்கள், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். மாற்றிய பின் வெளியில் வைத்துப் பொருத்தி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கேஸ் கசிகிறது, பற்றவைக்கக் கூடாது. பர்னர் ஓட்டைகளை ஊசியால் குத்திப் பெரிதாக்காதீர்கள், தீ மஞ்சளாகிப் புகை தள்ளும். மிச்சக் கேனிஸ்டரை 50 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடிய இடத்தில் வைக்கக் கூடாது. மூடிய கார், மொட்டை வெயில் படும் பரண் இரண்டும் அந்தக் கணக்கில் வரும்.


எழுதியவர்: நாலாம்முளை

நல்ல இழை. விட்டுப்போனவற்றைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

ஜிப்: மணல்தான் எதிரி. பழைய டூத்பிரஷால் பல் பல்லாகத் தேய்த்துத் தண்ணீரில் அலசுங்கள். ஜிப் மூடிய பின்னும் பின்னால் பிளந்துகொண்டு வந்தால் முழு ஜிப்பையும் மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரன்னர்தான், அதாவது பற்களின் மேல் நாம் இழுக்கும் பிடி. இடுக்கியால் அதன் இரு பக்கத்தையும் மயிரிழை அளவு அழுத்திப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் ரன்னரை மட்டும் மாற்றலாம். சமையல் எண்ணெய், மெஷின் எண்ணெய் போடாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெழுகோ சிலிக்கான் பசையோ போதும்.

டென்ட் கழிகள்: கடற்கரைப் பயணம் என்றால் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும், உப்பு தங்கினால் அலுமினிய மூட்டுகள் வெள்ளை பூத்து இறுகிவிடும். மடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்குங்கள், உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு இரண்டு பக்கமும் சமமாக இழுபடும்.

ஊதும் மெத்தை: வாயால் ஊதுவதால் உள்ளே ஈரம் போகிறது. வால்வைத் திறந்து சில நாள் வையுங்கள். தானாக உப்பும் வகையை விரித்தபடி, வால்வு திறந்தபடிதான் வைக்க வேண்டும்.

ஹெட்லேம்ப்: பேட்டரியைக் கழற்றுங்கள். கசிந்து வெள்ளைப்பொடி பூத்திருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைக்கலாம். சார்ஜ் செய்யும் லித்தியம் வகையைப் பாதி சார்ஜில் வையுங்கள்.

தண்ணீர்ப் பையும் வடிகட்டியும் வைத்திருந்தால்: பையைக் குழாயோடு கழுவி, வாய் மூடாதபடி உள்ளே எதையாவது முட்டுக் கொடுத்துத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நுண்குழாய் வடிகட்டியைப் பின்பக்கமாகத் தண்ணீர் அழுத்திக் கழுவுங்கள். ஒருமுறை நனைந்த வடிகட்டி உறைந்துவிட்டால் குழாய்கள் விரிசல் விடும், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, கிருமி நேராக உள்ளே போகும். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள்.


எழுதியவர்: தவளைச்சத்தம்

எல்லாரும் சாமானைக் காப்பாற்றுவதைப் பற்றி எழுதுகிறீர்கள். நாம் போய் வந்த இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை.

பூட்ஸ் இடுக்கில் ஒட்டிய சேறு, டென்ட் தரையில் ஒட்டிய விதை, காலுறையில் குத்திய முள், இவையெல்லாம் அடுத்த பயணத்தில் வேறொரு காட்டில் இறங்கும். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையை 1999இல் அறிவியலாளர்கள் பெயரிட்டு விவரித்தார்கள், ஈரச் சேற்றிலும் தண்ணீரிலும் அது இடம் மாறக்கூடியது. நியூசிலாந்து ஆறுகளில் 2004இல் டிடிமோ என்ற வேற்றுநாட்டுப் பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஒரு துளி போதும் அது பரவ. அங்கே ஆற்றுக்கு ஆறு போகிறவர்களிடம் மூன்று வேலை சொல்கிறார்கள்: பார், கழுவு, உலர்த்து. தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகும் இன்னும் 48 மணி நேரம் காயவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பயன்படுத்திய டென்ட், பூட்ஸ் கொண்டுபோனால் விமான நிலையத்தில் முன்கூட்டியே சொல்லியாகவும் வேண்டும்.

அதனால் பூட்ஸைக் கழுவும்போது இன்சோல், நாடா இரண்டையும் கழற்றி, அடிப்பள்ளங்களைக் குச்சியால் நோண்டி எடுங்கள். முடிந்தவரை அந்த இடத்திலேயே, கிளம்புவதற்கு முன்பே தட்டிவிடுங்கள். காய வைக்க உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். அடுப்புப் பக்கமோ ஹீட்டர் பக்கமோ வைத்தால் பசை விட்டு, தோல் வெடிக்கும்.


எழுதியவர்: குடுவை

பூட்ஸ் பற்றி ஒரு சேர்க்கை. பல பூட்ஸ்களின் நடு அடியும் பாலியூரித்தேன்தான். பல வருடம் பெட்டியில் தூங்கிய பூட்ஸ், பார்க்கப் புதிது மாதிரி இருந்தாலும், மலையேறும்போது அடி பிளந்துகொண்டு போகும். டென்ட் தரைக்கு வந்த அதே நோய். நீண்ட நாள் போடாத பூட்ஸை முதலில் வீட்டைச் சுற்றி நடந்து, வளைத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.


எழுதியவர்: புதுப்பாதை

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு நடைமுறைக் கேள்வி. பயணத்திலிருந்து பெரும்பாலும் இரவு வெகு நேரம் கழித்துத்தான் வீடு சேர்கிறோம். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். இவ்வளவையும் அப்போது செய்ய முடியாது. அன்றைக்கே செய்தே ஆகவேண்டியது எது, தள்ளிப்போடக்கூடியது எது?


எழுதியவர்: தையல்பெட்டி

நான் பத்து நிமிடத்தில் முடிப்பேன். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி நாடாவைத் தளர்த்திவிடுவேன். டென்ட், ஸ்லீப்பிங் பேக், மெத்தை மூன்றையும் பையிலிருந்து உருவி, நாற்காலி, கதவு, கொடி, எது கிடைக்கிறதோ அதன்மேல் பரப்பிவிடுவேன். வீடு அலங்கோலமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. தண்ணீர்ப் பையைக் காலி செய்து வாயைத் திறந்து வைப்பேன். பேக்பேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து எல்லா ஜிப்பையும் திறந்துவிடுவேன், ஏதாவது உணவு மிச்சம் இருந்தால் எறும்பும் எலியும் வருவதற்கு முன் வெளியே வந்துவிடும். அவ்வளவுதான், தூங்கப் போய்விடலாம். கழுவுவதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். ஈரம் பொறுக்காது.

மழையில் டென்ட்டைக் கழற்ற நேர்ந்தால் உள் டென்ட்டையும் மேல் விரிப்பையும் தனித்தனிப் பையில் போடுங்கள். நனைந்த விரிப்பு காய்ந்த உள் டென்ட்டையும் நனைத்துவிடும். வழியில் எங்காவது அரை மணி வெயில் கிடைத்தால் அங்கேயே பாறைமேல் விரித்துவிடுங்கள்.


எழுதியவர்: புதுப்பாதை

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று.

உள் டென்ட்டை நொதிக் கழுவியில் ஊறவைத்தேன். முக்கல் வாடை போய்விட்டது. கறுப்புப் புள்ளிகளின் நிழல் இருக்கிறது, தையல்பெட்டி சொன்னபடி விட்டுவிட்டேன். தரையில் ஆல்கஹாலால் துடைத்ததும் நடுவில் பூச்சு திட்டுத் திட்டாக உரிந்து வந்தது, பார்க்கவே வயிற்றைக் கலக்கியது. பயப்படாமல் தளர்ந்த வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புதுப் பூச்சை மெல்லிசாக இரண்டு முறை அடித்தேன். ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் காயவிட்டேன். பிறகு தரைமேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் காய்ந்தே இருந்தது. புளித்த வாடை இன்னும் லேசாக இருக்கிறது, மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரிகிறது.

டேப் எழும்பிய இரண்டு இடத்திலும் சீலர் பிடித்துவிட்டது. ஸ்டவ்வின் ரப்பர் வளையத்தில் உண்மையிலேயே ஒரு வெடிப்பு இருந்தது, மாற்றிவிட்டேன். கரிச்சட்டிக்குத் தனி நன்றி, அது என் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. ஸ்லீப்பிங் பேக் கழுத்தை மட்டும் கழுவினேன், நாலு நாள் விரித்து வைத்ததில் முன்பைவிட உப்பியிருக்கிறது.

புதிதாகப் பூசிய தரை மடிக்கும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளுமோ என்று மட்டும் பயமாக இருக்கிறது.


எழுதியவர்: தையல்பெட்டி

அழகாகச் செய்திருக்கிறீர்கள். மடிப்பதற்கு முன் பூசிய இடத்தில் வாசனையில்லாத முகப்பவுடரை லேசாகத் தூவி, மெல்லிய துணியால் தட்டிவிடுங்கள். ஒட்டாது. பழைய இறுக்கமான பையில் திணிக்காமல் பெரிய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே மடிப்புக் கோட்டில் மடிக்காதீர்கள். பரண் சூடாகும் என்றால் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். ஒரு மாதம் கழித்து ஒரு தடவை பிரித்து, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.


எழுதியவர்: புதுப்பாதை

தலையணை உறையில் போட்டாயிற்று. கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் பார்த்துவிட்டு எழுதுகிறேன் அக்கா.